தெரு சுத்தம், கிளம்பலாம்

இங்கன தள்ளி உக்காருங்கண்ணாச்சி. அந்தக் காத்தாடி எல்லாருக்கும் சுத்துற மாதிரிதான் தெரியும், காத்து என்னமோ இந்த மூலைக்கு மட்டும்தான் வரும். நான் வந்து சேரவே பத்தாயிட்டு, அதான் நம்பர் நூத்திப் பதினேழு. இப்பத்தான் நூத்தி எட்டு உள்ள போயிருக்கு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்க வந்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம்னு எவனாவது நினைப்பானா?

உங்க மனு என்னன்னு நான் கேக்க மாட்டேன். அடுத்தவன் விசயத்துல மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்கு அறவே கிடையாது. என்னுதைச் சொல்லுதேன், கேளுங்க. ஊருக்கு நல்லது செய்யப் போயி வீட்டுக்குள்ளயே ஆகாதவனாப் போனவன் கதை.

என் பேரு குற்றாலிங்கம். எங்க ஊர் நகராட்சியில பதினாலாம் வார்டு கவுன்சிலர். அதாவது, கவுன்சிலர் என் வீட்டுக்காரி செண்பகவல்லி. வார்டைப் பொம்பளையளுக்குன்னு ஒதுக்கிட்டாவ, என்ன செய்ய? போஸ்டர்ல அவ படம், வீடு வீடாப் போயிக் கும்பிடு போட்டது நான். ஜெயிச்ச பிறகும் அப்படித்தான். கூட்டத்துல அவ நாற்காலியில உக்காருவா, நான் பின்னால பார்வையாளர் பெஞ்சுல இருப்பேன். துண்டை வலது தோள்ல போட்டா அவ கையைத் தூக்கணும். இடது தோள்ல போட்டா பேசாம இருக்கணும். மூணு வருசத்துல ஒரு தீர்மானத்துலகூடத் தப்பு நடக்கல, பாத்துக்கிடுங்க. ஊர்ல எல்லாரும் என்னையத்தான் கவுன்சிலர்ங்காவ. அவளும் ஒரு நாள் முகம் சுளிச்சது கிடையாது. அவளுக்கும் அதுதான் சௌகரியம்னு நான் நினைச்சிட்டிருந்தேன்.

போன தை மாசம் எங்க மேலத்தெருவுல ரெண்டு செயின் அறுப்பு. ரெண்டாவது பறிகுடுத்தது மரகதம் டீச்சர். கோலம் போட்டுட்டு நிமிர்ந்தவங்க கழுத்துல பைக்ல வந்த ரெண்டு பயலுவ கையைப் போட்டுட்டானுவ. அஞ்சு பவுன் போனது போகட்டும், கழுத்துல ஏழு தையல். பொம்பளைய எல்லாம் திரண்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாவ. "வாசல் தெளிக்கவே பயமா இருக்கு, எங்க உயிருக்கு யாரு பொறுப்பு?"ன்னு கேட்டாவ. நியாயம்தானே? நான் அன்னைக்கே சொன்னேன், "தெரு பூரா கேமரா போடாம இந்தக் குற்றாலிங்கம் ஓய மாட்டான்"னு.

இங்கன ஒரு விசயம் சொல்லிரணும். நான் சகுனம் பாக்கிற ஆளு. மூடநம்பிக்கை அது இதுன்னு சொல்லுவாவ, சொல்லிட்டுப் போகட்டும். கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் வெளிய கிளம்புனா செண்பகம் முன்னால வாசலுக்குப் போயி, தெருவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாத்துட்டு "வாங்க"ம்பா. அதுக்குப் பிறகுதான் நான் செருப்புல காலை விடுவேன். இருபத்தாறு வருசம் இப்படித்தான். ஒரு காரியம் கெட்டது கிடையாது.

வேட்புமனு தாக்கல் பண்ணப் போன அன்னைக்கு இன்னும் விசேசம். எங்க தெருவுல உலகம்மாள்னு ஒரு பிள்ளை. தெருக்கோடி பால்வாடியில டீச்சர். அது புருசன் சுடலைமுத்து கரண்டு ஆபீசுல லயன்மேன். ரொம்ப ராசியான பிள்ளை, அது முகத்துல முழிச்சா போன காரியம் ஜெயம்தான்னு தெருவே சொல்லும். நானே முந்தின நாள் சாயங்காலம் போயிச் சொல்லிட்டு வந்தேன், "தங்கச்சி, நாளைக்கு ஒம்பது மணிக்கு நிறைகுடம் எடுத்துட்டு எதுக்க வாம்மா"ன்னு. அதுவும் தலை நிறையப் பூவோட, மஞ்சக் குளிச்சு, பித்தளைக் குடத்துல தண்ணி தளும்ப வந்துச்சு. முந்நூத்திப் பதினொரு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சோம்.

பாவம், இந்த மாசியில அந்தச் சுடலைமுத்து போயிட்டான். கம்பத்துல ஏறுனவன் கரண்டு அடிச்சு விழுந்துட்டான். நாப்பது வயசுகூட ஆகல. அவனைத் தூக்கிட்டு வந்த அன்னைக்குத்தான் நான் கேமரா விசயமா சேர்மனைப் பாக்கக் கிளம்புதேன். தெருமுனையில பாடை எதுக்க வருது. பிணம் எதுக்க வந்தா ரொம்ப நல்லதும்பாவ, தெரியும்லா? செருப்பைக் கழத்திக் கும்பிட்டுட்டுப் போனேன். அன்னைக்கே ஆறு கேமராவுக்கும் கையெழுத்தாயிட்டு. அவன் புண்ணியம்.

சித்திரையில கேமரா வந்துட்டு. எல்லாக் கேமராவும் தெரியுற டிவியை நகராட்சி ஆபீசுலதான் வைக்கணும். அங்க அறை தயாராகலன்னாவ. "அப்போ தற்காலிகமா கவுன்சிலர் வீட்டுல இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு ஒரு பொறுப்பான ஆள் பாக்கணும்லா?"ன்னு பேசி எங்க பட்டாசால்ல, அதான் முன்கூடத்துல, மாட்ட வெச்சேன். ஆறு கட்டமா தெரு மொத்தமும் சுவத்துல ஓடுது. செண்பகம் அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டை வெச்சுக்கிட்டே பாத்தா. "எல்லாரு வாசலும் நம்ம வீட்டுக்குள்ள கிடக்கே, நல்லாவா இருக்கு?"ன்னா. "ஏட்டி, இதுக்குப் பேருதான் பொதுப் பாதுகாப்பு"ன்னேன். அவ ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டா.

பலன் இல்லாமப் போகல அண்ணாச்சி. அந்தப் பைக் பயலுவ அதுக்கப்புறம் எட்டிப் பாக்கல. காணாமப் போன ரெண்டு சைக்கிளைக் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். குப்பையைச் சாக்கடையில கொட்டுன ஆளைக் கையும் களவுமாப் பிடிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, கண்ணுல எண்ணெயை ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்படி உக்காந்தா நாலும் கண்ணுல படத்தான செய்யும்? புரட்டாசிச் சனிக்கிழமை ஒருத்தன் கறிக்கடைப் பையை மஞ்சப் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டு போறான். நான் உடனே போன் போட்டு, "என்னடே, ஆடா கோழியா?"ன்னேன். அவன் நடுத்தெருவுல நின்னு மேலயும் கீழயும் பாக்கான்! சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுட்டு. ஒரு வீட்டுல மாமியா மருமக பேச்சுவார்த்தை இல்ல, தனித்தனியாத்தான் வாசல் பெருக்குதாவ. நான் போயிச் சமாதானம் பண்ணி வெச்சேன். அவங்க யாருகிட்டயும் சொல்லாத சண்டை அது. எப்படித் தெரியும்னு கேட்டாவ. கவுன்சிலருக்குத் தெரியாதது உண்டான்னுட்டேன்.

தெருவே மாறிப் போச்சு. முன்னெல்லாம் குழாயடியில குடத்துக்குக் குடம் சண்டை, சாயங்காலமானா வாசப்படியில உக்காந்து ஊர்க்கதை. எல்லாம் நின்னுட்டு. பொம்பளைய தண்ணியைப் பிடிச்சமா போனமான்னு தலையைக் குனிஞ்சிட்டுப் போறாவ. கதவெல்லாம் சாத்தியே கிடக்கு. எம்புட்டு ஒழுக்கம் பாருங்க! சேர்மன்கிட்டயே பெருமையாச் சொன்னேன்.

நம்ம வீட்டு வாசல் மட்டும் கேமராவுல விழாது. மாட்டுன அன்னைக்கே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிட்டேன். நம்ம வீட்டுக்கு நாலு பேர் வருவாவ, காண்டிராக்டர் வருவாவ, கட்சிக்காரங்க வருவாவ. யாரு வந்தா, எத்தனை மணிக்குப் போனான்னு படம் பிடிச்சு வெச்சா நல்லாவா இருக்கும்? மனுசனுக்கு அந்தரங்கம்னு ஒண்ணு வேணும்லா?

சரி, சகுனத்துக்கு வாரேன். டிவி வந்த பிறகு செண்பகம் வாசல்ல போயி நிக்க வேண்டிய வேலையே இல்ல. நான் சட்டையைப் போட்டுக்கிட்டே டிவியைப் பாப்பேன். தெரு சுத்தமா இருந்தா கிளம்பலாம். பூனை, விறகுக்கட்டு, காலிக்குடம், எது வந்தாலும் கடந்து போற வரைக்கும் உக்காந்திருப்பேன். உலகம்மாள் எட்டே முக்காலுக்குக் கதவைப் பூட்டிட்டுப் பால்வாடிக்குக் கிளம்பும். இப்ப நெத்தியில ஒண்ணும் கிடையாதுல்லா. அது கோயிலைத் தாண்டுற வரைக்கும் நான் வெளிய வர மாட்டேன். அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல அண்ணாச்சி, கூடப்பிறந்த தங்கச்சி மாதிரிதான். சாஸ்திரம் அப்படி இருக்கு, நான் என்ன செய்ய? செத்துப் போனவன் நல்ல சகுனம், உயிரோட இருக்கவ கெட்ட சகுனம். நானா எழுதி வெச்சேன்?

இது எப்படியோ தெருவுக்குள்ள பரவிட்டு. முதல்ல ஜவுளிக்கடை பலவேசம் போன் போட்டான். "கவுன்சிலரே, மதுரைக்குக் கொள்முதலுக்குப் போறேன், தெரு எப்படி இருக்கு?"ன்னான். "ரெண்டு நிமிசம் பொறு, உலகம்மாள் போகட்டும்... ஆங், தெரு சுத்தம், கிளம்பலாம்"ன்னேன். அன்னைக்கு அவனுக்கு நல்ல சரக்கு கிடைச்சுட்டாம். பிறகென்ன, பொண்ணு பாக்கப் போறவன், ஆஸ்பத்திரிக்குப் போறவன், இன்டர்வியூவுக்குப் போற பய, எல்லாரும் போன். காலையில எட்டு மணியிலேருந்து ஒம்பதரை வரைக்கும் எனக்கு ஒரு வாய் காப்பி குடிக்க நேரம் கிடையாது. எவன்கிட்டயும் ஒத்தப் பைசா வாங்கல, மக்கள் சேவைதான்.

ஐப்பசியில பலவேசம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒம்பது மணிக்கு வாராவ. "அண்ணாச்சி, அந்நேரம் உலகம்மாள் எதுக்க வந்திரக் கூடாது, பாத்துக்கிடுங்க"ன்னு கையைப் பிடிச்சுட்டான். அதுக்கு முன்னாலயும் ரெண்டு மூணு தடவ இப்படி நான் பக்குவமாப் பேசித்தான் அந்தப் பிள்ளையைப் பின்சந்து வழியா அனுப்பியிருந்தேன். ஒரு நாள் நாய் பிடிக்காவன்னேன். ஒரு நாள் சாக்கடை லாரி நிக்கின்னேன். அதுவும் சரிங்கண்ணாச்சின்னு போயிரும். முகத்துக்கு நேரா 'நீ வராதே'ன்னு சொன்னா மனசு நோகும்லா? அதுக்குத்தான் பொய். நாலு பேர் மனசு நோகாம நடக்கணும்னு நினைக்கிறவன் நான்.

அன்னைக்கு எட்டரைக்கு அது கதவைத் திறக்கது டிவியில தெரியுது. அவசரத்துல எனக்கு வேற ஒண்ணும் வாயில வரல. போனைப் போட்டு, "தங்கச்சி, தெருவுல கரண்டு கம்பி அறுந்து தொங்குதும்மா, பின்பக்கமாப் போயிரு"ன்னுட்டேன்.

சொன்ன பிறகுதான் யோசிச்சேன், யாருகிட்ட என்ன சொல்லிட்டோம்னு.

அது பின்பக்கமாப் போகல. போனும் கையுமா நடுத்தெருவுக்கு ஓடியாந்துட்டு. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, "யாரும் வராதீங்க, பிள்ளையளை விடாதீங்க, கம்பி அறுந்து கிடக்கு"ன்னு அலறுது. பால்வாடிக்கு வந்த பிள்ளையளை எல்லாம் கோயில் படியில ஏத்தி உக்கார வெச்சுட்டு. கரண்டு ஆபீசுக்கும் அதுவே போன் போட்டுட்டு. சுடலைமுத்து சம்சாரம் கூப்பிட்டா அந்தப் பயலுவ சும்மா இருப்பானுவளா? பத்தே நிமிசத்துல ஏணியும் ஜீப்பும் வந்துட்டு. தெரு ரெண்டு பக்கமும் மறிச்சாச்சு. அந்நேரம் பாத்து மாப்பிள்ளை வீட்டு வேன் தெருமுனையில வந்து நிக்கி. எதுக்க யாரு? உலகம்மாள். நட்டநடுத் தெருவுல, தலைவிரிகோலமா. நான் டிவியைப் பாத்துக்கிட்டே தலையில கையை வெச்சு உக்காந்துட்டேன்.

கரண்டு ஆபீஸ்காரன் ஒவ்வொரு கம்பமா ஏறிப் பாத்துட்டு, "ஒரு கம்பியும் அறுந்து போகல, யாரு சொன்னா?"ன்னான். "கவுன்சிலர் அண்ணாச்சி"ன்னுட்டு அது. மொத்தத் தெருவும் எங்க வீட்டைப் பாக்குது. நானும் டிவியில அவங்களைப் பாக்கேன்.

நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுது, அதுல குறையில்ல. மாப்பிள்ளையோட அம்மா மேல்கொண்டு, "அந்தப் பொண்ணு உயிரைக் குடுத்து வழியை மறிச்சிச்சே, யாரு அது, அதைக் கூப்பிட்டு ஒரு வாய் பாயசம் குடுங்க"ன்னு சொன்னாவளாம். பலவேசம் முழிச்ச முழியை நீங்க பாத்திருக்கணும்! எல்லாம் அவன் வீட்டுப் பிள்ளையார் காப்பாத்துனதுன்னு நினைக்கேன்.

அன்னைக்குச் சாயங்காலம் உலகம்மாள் வீட்டுக்கு வந்துச்சு. செண்பகம்தான் உள்ள கூப்பிட்டா. வந்த பிள்ளை அந்த டிவியைப் பாத்துக்கிட்டே நிக்கி. நாலாவது கட்டத்துல அது வீட்டு வாசல், அது போட்ட புள்ளிக்கோலம், கொடியில அது துணி காயுது. "நான் கதவைத் திறந்ததும் எப்படிப் போன் வருதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன் மதினி"ன்னு செண்பகத்துகிட்டச் சொல்லுச்சு. செண்பகம் தரையைப் பாக்கா. பிறகு உலகம்மாள் ஆறு கட்டத்தையும் ஒவ்வொண்ணா விரல் வெச்சுப் பாத்துட்டு என்கிட்ட, "எல்லாரு வாசலும் இருக்கு. உங்க வாசல் எங்க அண்ணாச்சி?"ன்னு கேட்டுச்சு. உங்ககிட்டச் சொன்ன காரணத்தையே சொன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டு. சரி, சமாதானம் ஆயிட்டுன்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில டிவியைப் பாத்தேன், தெரு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. செருப்பை மாட்டிக் கேட்டைத் திறக்கேன், எதுக்க உலகம்மாள். எங்க கேட்டை ஒட்டி, அந்தக் கேமரா திரும்பாத இடத்துல. "வணக்கம் அண்ணாச்சி"ன்னுட்டு அது பாட்டுக்குப் போகுது. நான் திரும்ப உள்ள வந்து உக்காந்து, ஒரு செம்பு தண்ணியைக் குடிச்சுட்டு, அரை மணி நேரம் கழிச்சுக் கிளம்பினேன். அடுத்த நாளும் அப்படியே. அதுக்கடுத்த நாளும். ஒரு நாள் நான் ஏழரைக்கே கிளம்புனேன், ஏழரைக்கே நிக்கி. ஒரு நாள் பதினொரு மணி, பிள்ளையளுக்குச் சோறு போடுற நேரம், அப்பவும் நிக்கி. நான் கிளம்புற நேரம் அதுக்கு எப்படித் தெரியுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. செண்பகத்துகிட்டகூடக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?"னு ரெண்டு டம்ளர் காப்பியை எடுத்துட்டு வாசப்பக்கம் போயிட்டா.

ஒரு வாரம் அண்ணாச்சி, ஒரு வாரம் நான் வீட்டுச் சிறையில இருந்தேன். தெரு மொத்தமும் எனக்குத் தெரியுது, என் வாசப்படியைத் தாண்ட முடியல.

எட்டாம் நாள் நகராட்சிக் கூட்டம். கிளம்பினேன், அது நிக்கி. உள்ள வந்து தண்ணி குடிச்சேன். திரும்பப் போனேன், நிக்கி. மறுபடி தண்ணி. மூணாவது செம்பு வயித்துக்குள்ள போறப்போ செண்பகம் பட்டுச்சேலை கட்டிட்டு வந்து நின்னா. "நேரமாச்சு, நீங்க தண்ணியைக் குடிச்சுட்டு மெதுவா வாங்க"ன்னு சொல்லிட்டு, தெருவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்காம, உலகம்மாள் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு நடந்து போயிட்டா. மூணு வருசத்துல முதல் தடவையா என் துண்டு இல்லாம ஒரு கூட்டம்.

மத்தியானம் எனக்கு ஒரே போன். "கவுன்சிலர் பிச்சு உதறிட்டீங்க", "கவுன்சிலர் பேச்சு பிரமாதம்"னு. நான் நன்றி, நன்றின்னுக்கிட்டே இருக்கேன். அஞ்சாவது போன்லதான் விளங்குச்சு, இது என்னையச் சொல்லலன்னு.

பக்கத்து வார்டுக்காரன் ஒருத்தன் அதைப் போன்ல படம் பிடிச்சு அனுப்பினான். நாலு தடவ பாத்தேன். செண்பகம் எழுந்து நிக்கா. கையில மரகதம் டீச்சர் முதற்கொண்டு அறுபது பொம்பளைய கையெழுத்துப் போட்ட தாளு. பேச ஆரம்பிக்கா. "எங்க தெருவுக்குக் கேமரா வேணும். டீச்சர் கழுத்துல ஏழு தையல் இருக்கு, அதை நாங்க மறக்கல. ஆனா அறுக்க வாறவன் தெருமுனை வழியாத்தான் வரணும், தெருமுனை வழியாத்தான் போகணும். ரெண்டு முனையிலயும் நிக்கட்டும். எங்க வாசலைப் பாக்க வேண்டாம். அந்த டிவியை என் வீட்டுலேருந்து எடுத்துட்டுப் போயி ஸ்டேசன்ல வைங்க. யாராவது புகார் எழுதிக் குடுத்தா மட்டும், ரெண்டு பேர் முன்னால, நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுப் போட்டுப் பாருங்க. சும்மா உக்காந்து பாக்க எங்க தெரு என்ன சினிமாவா?"

சேர்மன் கேக்காரு, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர்தான வீட்டுலயே வைக்கணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனாரு?"ன்னு.

"ஆமா. அவரு கேட்டாரு. கவுன்சிலர் கேக்கல"ங்கா.

மொத்தக் கூட்டமும் மேசையைத் தட்டுது. எதிர்க்கட்சிக்காரனும் தட்டுதான்.

போன வியாழக்கிழமை வந்து டிவியைக் கழத்திட்டுப் போயிட்டாவ. சுவத்துல நாலு ஓட்டைதான் மிச்சம். இப்பத் தெருவைப் பாக்கணுமே நீங்க! குழாயடியில மறுபடியும் சண்டை, வாசப்படியெல்லாம் ஊர்க்கதை, ராத்திரி ஒம்பது வரைக்கும் சிரிப்பாணி. ஒழுக்கமெல்லாம் காத்துல போச்சு. அதுக்குத்தான் இந்த மனு. 'பொதுமக்கள் பாதுகாப்பைக் கருதி மேற்படி டிவியைத் திரும்பவும் கவுன்சிலர் இல்லத்திலேயே அமைத்துத் தர வேண்டி'ன்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கேன். கீழ பாருங்க, செண்பகவல்லி, பதினாலாம் வார்டு உறுப்பினர். கையெழுத்தா? நான்தான் போட்டேன். எப்பவும் நான்தான போடுவேன்.

இன்னைக்குக் காலையில இதை எடுத்துக்கிட்டுக் கிளம்புனேன். டிவி இல்ல, என்ன செய்ய? பழைய மாதிரியே, "செண்பகம், வாசல்ல கொஞ்சம் பாரு"ன்னேன். இருபத்தாறு வருசம் நான் அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்கதுக்குள்ள அவ வாசல்ல நிப்பா. இன்னைக்குக் கீரையை ஆஞ்சுக்கிட்டே, "நீங்களே பாத்துக்கிடுங்க"ன்னுட்டா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு அண்ணாச்சி. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

கேட்டைத் திறந்தேன். உலகம்மாள். நிக்கல, அது பாட்டுக்கு ரெண்டு பிள்ளையளைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பால்வாடிக்குப் போயிட்டிருக்கு. என்னைப் பாக்கக்கூட இல்ல. நான் வழக்கம்போலத் தண்ணி குடிக்க உள்ள திரும்புனேன். செண்பகம் நிலைப்படியை மறிச்சு நிக்கா. அப்பத்தான் கேட்டா.

"இங்கேருங்க, ஒண்ணு கேக்கேன். நாளைக்கு நீங்க எனக்கு முன்னால போயிட்டீங்கன்னா, நானும் இந்தத் தெருவுலதான நடக்கணும்? அன்னைக்கு எவன் வீட்டு டிவியில என்னைப் பாத்துட்டு, 'இருங்க, செண்பகவல்லி போகட்டும்'னு எவன் எவனுக்குப் போன் போடுவான்?"

நான் சும்மா இருப்பேனா, "ஏட்டி, நான் எங்க போகப் போறேன்?"னு சிரிச்சேன்.

"சுடலைமுத்து அண்ணனும் 'இந்தா வந்துருதேன்'னுதான் சொல்லிட்டுப் போனாரு"ன்னா.

நான் உள்ள போகல. தண்ணியும் குடிக்கல. அப்படியே நடந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். சகுனம் கெட்டு வந்ததுக்கு என்ன ஆகப் போகுதோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வாரேன். ஒண்ணும் ஆகல. திங்கக்கிழமைக் கூட்டத்துலயும் பஸ்ல சன்னலோரத்துல உக்கார இடம் கிடைச்சுது.

ஆங், கூப்பிடுதாவ. நூத்திப் பதினேழு, என்னோடதுதான். இல்ல, கூப்பிடட்டும். உள்ள போனா கலெக்டரம்மா கேப்பாவ, "அந்த டிவி உங்க வீட்டுல எதுக்குய்யா?"ன்னு. பாதுகாப்புக்குன்னு சொல்லுவேன். யாரு பாதுகாப்புக்குன்னு கேட்டா? தெருவுல இருக்க பொம்பளையளுக்குன்னுதான இந்த ஆறு மாசமும் சொல்லிட்டு வந்தேன். காலையிலேருந்து அதைச் சொல்லிப் பாக்கேன், ஒவ்வொரு தடவையும் அந்த நாலாவது கட்டத்துல செண்பகம் கதவைத் திறந்து வாரா. நெத்தியில ஒண்ணும் இல்லாம. என்னால பாக்க முடியல அண்ணாச்சி.

திரும்பவும் கூப்பிடுதாவ பாருங்க. நீங்க போறதுன்னா முந்திக்கிட்டுப் போங்க, நான் வரல.